ரோஸ்வுட் புராணம்

கிடார் கடைக்காரர், கிடார் வாங்க வரும் பையன், அவனுக்குத் துணையாக வரும் 'எல்லாம் தெரிந்த' சீனியர் அண்ணன்... மூன்று பேரும் ஓதுவது ஒரே மந்திரம்தான். பின்பலகையும் பக்கப்பலகையும் ரோஸ்வுட் என்றால் பேஸ் கனமாக, மணி அடித்த மாதிரி நின்று ஒலிக்கும். மஹாகனி என்றால் இதமாக இருக்கும். மேப்பிள் என்றால் பளிச்சென்று கேட்கும். இந்த மூன்று வரியை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், அவர் டோன்வுட் நிபுணர். நம்ப மறுப்பவனுக்குக் காது சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

சரி, இந்தக் காதுகளுக்கு யாராவது பரீட்சை வைத்தார்களா? வைத்தார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. ராஜர் பக்னல் என்ற கைவினைஞர் ஆறு கிடார்கள் செய்து கொடுத்தார். எல்லாம் ஒரே டிசைன். பின்பலகையும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிடார் கலைஞர்களை அழைத்து, விளக்கை மங்கலாக்கி, வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். மரம் கண்ணில் படக்கூடாது இல்லையா!

முடிவு? ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். அவர்களில் சிலருக்கு, எது எது என்று ஒலியை வைத்துப் பிரித்தறியும் சோதனையும் நடந்தது. அதிலும் திணறினார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் உள்ள மரங்கள், கண்ணை மறைத்ததும் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டன.

இதில் கூத்து என்னவென்றால், இது புதுச் செய்தியே இல்லை. இன்றைய கிளாசிக்கல் கிடாருக்கு வடிவம் கொடுத்தவர் என்று கொண்டாடப்படும் ஸ்பெயின்காரர் அந்தோனியோ தே தோரஸ், 1862-லேயே பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் காகித அட்டையில் செய்து ஒரு கிடார் கட்டினார். ஆம், அட்டைதான். முன்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ். அந்தக் கிடார் இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் டெய்லர் கம்பெனி, சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டைகளை உடைத்து ஒரு கிடார் செய்து கண்காட்சியில் வைத்தது. அதன் முன்பலகை கூட மரக்கடையில் கிடைக்கும் சாதாரணச் சட்டத்திலிருந்து அறுத்ததுதான். (அதே கம்பெனி ரோஸ்வுட் மாடலையும் விற்கிறது. வியாபாரம் வேறு, உண்மை வேறு!)

அப்படியானால் ஒலி எங்கிருந்து வருகிறது? முன்பலகையில் இருந்து. சாதாரண ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையை அதன் மேல் ஏற்றுகின்றன. மெல்லிய அந்தப் பலகை உடையாமலும் இருக்க வேண்டும், லேசாக அதிரவும் வேண்டும். அதனால்தான் எடைக்கு மிஞ்சிய விறைப்பு உள்ள ஸ்ப்ரூஸும் சீடரும் முன்பலகைக்கு வந்தன. இங்கே மரம் முக்கியம்தான், யாரும் மறுக்கவில்லை. பலகைக்கு அடியில் ஒட்டும் ப்ரேசிங் குச்சிகள் அதைவிட முக்கியம். தோரஸ் விசிறி மாதிரி ஒட்டினார். மார்ட்டின் கம்பெனி எக்ஸ் மாதிரி குறுக்கே ஒட்டியது. ஸ்டீல் கம்பி கிடார்கள் பெரும்பாலானவற்றில் இன்றும் அந்த எக்ஸ்தான்.

அடுத்தது உடம்பின் வடிவம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருகிறதே, கிடாரின் துளைக்குப் பின்னால் இருக்கும் காற்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. வயிறு பெரிதானால் அந்த 'பூம்' கீழே இறங்கும். மார்ட்டினின் டிரெட்நாட் வடிவத்துக்கும் 000 வடிவத்துக்கும் ஆழத்தில் முக்கால் இன்ச் வித்தியாசம், அகலத்தில் அரை இன்ச்சுக்கு மேல். டிரெட்நாட்டில் கார்டு அடித்துப் பாடினால் கூடம் நிறையும். 000-வில் விரலால் மீட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசும். இந்த வித்தியாசத்துக்கு சீனியர் அண்ணன் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கே கேட்கும்.

ரோஸ்வுட் பக்தர்கள் சும்மா இருப்பார்களா? "ஒரு துண்டைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார், கண்ணாடி மாதிரி ஒலிக்கும்" என்பார்கள். உண்மைதான், மரிம்பா வாத்தியத்துக்கே ரோஸ்வுட் கட்டை போடுகிறார்கள். ஆனால் கிடாரின் பின்பலகை தொங்கிக்கொண்டா இருக்கிறது? நான்கு பக்கமும் ஒட்டி, உள்ளே குச்சி அடித்து, கடைசியில் வாசிப்பவரின் தொப்பையில் சாய்ந்து கிடக்கிறது. அங்கே அது என்ன மணி அடிக்கும்?

"விலை கூடின ரோஸ்வுட் கிடார் நிஜமாவே நல்லா இருக்கே" என்பது அடுத்த வாதம். இருக்கும். விலை கூடின மாடலுக்குத் தேர்ந்தெடுத்த முன்பலகை போகிறது, கை தேர்ந்த ஆள் ப்ரேசிங் செதுக்குகிறார், கம்பி உயரம் பார்த்துப் பார்த்து வைக்கப்படுகிறது. இவ்வளவு பேர் உழைப்பின் பலனை ரோஸ்வுட் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் தவறான கணக்கெழுத்து.

போனால் போகிறது, காசு உள்ளவன் அழகுக்கு வாங்கட்டும் என்று விடலாம். விட முடியாததற்குக் காரணம் காடு. பிரேசில் ரோஸ்வுட்டை வெட்டி வெட்டி, கடைசியில் 1992-ல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 1969-ல், மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. அது வேறு எதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். தாத்தா காலத்தில் முளைத்தது பேரன் காலத்தில்தான் பலகைக்கு ஆகும் என்கிற அளவுக்கு மெதுவாக வளரும் சாதி. 2017-ல் ரோஸ்வுட் இனம் மொத்தமும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் வந்தது. 2019 நவம்பரில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

கருங்காலி கதையும் இதேதான். விரல் பலகை ஒரே கறுப்பாக இருக்க வேண்டுமாம். கேமரூன் காட்டில் பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பு, கோடு விழுந்த மற்ற ஒன்பதும் அங்கேயே அழுகும் என்று பாப் டெய்லர் 2012-ல் வெளிப்படையாகச் சொன்னார். கோடு விழுந்ததையும் இனி வாங்குவோம் என்று அவர் கம்பெனி மாறியது. அதே 2012-ல், மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்தில் கிப்சன் கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கோடு இருப்பதால் ஒரு சுரமாவது மாறுமா? மாறாது. வாங்குபவர் கண்ணுக்காக ஒன்பது மரம் போயிற்று.

ஆகவே மக்களே, முதல் கிடார் வாங்கப் போகிறீர்களா? முன்பலகை சாலிடா, ஒட்டுப் பலகையா என்று கேளுங்கள். மடியில் வைத்துப் பாருங்கள், வடிவம் உடம்புக்கும் வாசிக்கும் பாணிக்கும் ஒத்து வருகிறதா என்று. கம்பி உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள், புதுக் கம்பி மாட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நண்பனை வாசிக்கச் சொல்லி, மூன்று கிடாரை வரிசை மாற்றிக் கேளுங்கள். எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். பின்பலகையில் என்ன மரம் என்பதை பில் போட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம் :-)