பாட்டி எந்தக் கோப்புறையில்?

உங்கள் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று எத்தனை பாடல்கள் கிடக்கின்றன? சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. அவருடைய தாலாட்டைப் பதிவுசெய்து, பென்டிரைவில் இருந்தபடியே எஃப்.எல். ஸ்டுடியோவுக்குள் இழுத்துப்போட்டு இசையமைத்தேன். பிறகு அந்தப் பென்டிரைவை அழித்துவிட்டு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் பாடலைத் திறந்தால் மேளம் இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, பாட்டியின் குரல் இல்லை. பாடலின் புராஜெக்ட் கோப்பு பொதுவாக ஒலியைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ஒலி இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்ளும். மறுபடி பாடச் சொல்லலாம் என்றால், பாட்டியும் அதற்குள் காலமாகிவிட்டார்.

யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்தது. அதைக் கேட்டு வளர்ந்த நாங்கள் எந்த பிளகின் சிறந்தது என்று விடிய விடிய வாதாடுவோம். கோப்புகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் கட்சி இதுதான். பாடலுக்கு ஒரு கோப்புறை. ஒலியை முதலில் அதற்குள் நகலெடுங்கள், இசை பிறகு. ஏபிள்டன் லைவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’, கியூபேசில் ‘பேக்கப் புராஜெக்ட்’ இதற்கென்றே இருக்கின்றன. பாடல் முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். நாளை மென்பொருள் மாறினாலும் திறக்கும். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

மெர்லிமாவில் இருக்கும் சின்னப்பாட்டிக்கு அந்தத் தாலாட்டில் கொஞ்சம் நினைவிருக்கிறதாம். தீபாவளிக்குப் போகிறேன். கோப்புறையை இப்போதே திறந்து வைத்துவிட்டேன்.