எந்தக் குப்பம் என்று கேட்பது இயற்கையா?

சாதியை நியாயப்படுத்த மனுவைத் துணைக்கு அழைப்பது இப்போது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் டார்வினை அழைக்கிறார்கள். "தன் கூட்டத்தோடு ஒட்டுவதும் அடுத்த கூட்டத்தைச் சந்தேகிப்பதும் மனித இயல்பு. பரிணாமம் நம் மூளையை அப்படித்தான் வடித்திருக்கிறது. சாதியும் அதில் ஒன்று, அதை யாரால் ஒழிக்க முடியும்?" ஆய்வரங்குகளிலும் தேநீர்க்கடைகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போய்வரும் எனக்கு, இதில் அறிவியல் எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகப் படுகிறது.

அறிவியல் இருக்கிறது. மனித இனம் தன் வரலாற்றின் பெரும்பகுதியைச் சிறு கூட்டங்களில் கழித்தது. சேர்ந்து உணவு தேடிப் பங்கிட்டு உண்டவர்கள் பிழைத்தார்கள். யார் நம்மோடு நிற்பார் என்று சட்டெனக் கணிக்கும் திறன் அந்த வாழ்க்கையில் வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை, எந்த ஓவியரைப் பிடிக்கும் என்பது போன்ற அற்பக் காரணங்களைச் சொல்லிக் குழுக்களாகப் பிரித்தார். முன்பகை எதுவும் இல்லாத அந்தப் பிள்ளைகள், காசைப் பங்கிடும்போது தம் குழுவின் பக்கமே சாய்ந்தார்கள். சாதியவாதிகள் இதை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அங்கே கோடு கிழித்தவர் ஆய்வாளர். மாணவர்கள் செய்தது, கிழித்த கோட்டின்படி நடந்ததுதான்.

பழவேற்காட்டில் கோடு கிழித்தது யார்? சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. இறாலுக்கு வலை கட்டத் தோதான இடங்கள் ஏரியில் குறைவு. யாருக்கு எப்போது எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் பிரித்துக்கொள்வார்கள். வசதி படைத்த ஒருவர் நல்ல இடத்தை வளைத்துப்போட்டுக்கொள்ள முடியாது. பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம். அவர் வகுத்த நெறிகளில் முதலாவது, யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பாட்டில் எல்லை மிகத் தெளிவு: பட்டினவர் சாதியில் பிறந்த ஆண்.

உள்ளே இருப்பவருக்கு இவ்வளவு நியாயமாக நடக்கும் முறை, வெளியே இருப்பவருக்குக் கதவைச் சாத்துகிறது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் பங்கில்லை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித் குடும்பத்துக்கும் இல்லை. பட்டினவர் வீட்டுப் பெண்ணுக்கே இல்லை. ஒத்துழைக்கும் குணத்தைப் பரிணாமம் தந்தது. அதைப் பிறப்போடு முடிச்சுப் போட்டது சாதி.

இந்தக் கரையில் புதிதாக வந்த யாரிடமும் கேட்கப்படும் கேள்வி, "எந்தக் குப்பம்?" உள்நாட்டில் அதுவே "எந்தத் தெரு?" ஆகிறது. சாதியை அறியும் கண்ணை இயற்கை கொடுத்திருந்தால், இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கும் தேவை ஏன் வருகிறது? ஒரே வெயிலில் கறுத்து, ஒரே உப்புநீரில் தோல் வெடித்த இரண்டு பேரைக் கண் பிரிக்காது. முகவரிதான் பிரிக்கும்.

காலக்கணக்கும் அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இத்துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அகமணம் இறுகியது அதன் பிறகுதான். மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதை ஒரு நாள் என்று வைத்தால், 1,900 ஆண்டுகள் என்பது கடைசி ஒன்பது நிமிடம். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல், மரபணு ஆய்வுகளுக்கு வெகுகாலம் முன்பே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாதிட்டார்.

கோடு கிழிக்கும் சமூகத்தில் மீனவரும் தப்புவதில்லை. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய முதிய பெண் ஒருவரை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அருவருப்பு என்ற உணர்ச்சி, நோயிலிருந்து காத்துக்கொள்ளப் பரிணாமம் தந்தது. எதைக் கண்டு அருவருக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதியைக் குழந்தைக்கு நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். மீன்குழம்பு மணக்கிறது என்று சொல்லும் அதே மூக்கு, மீன் விற்றவர் மேல் நாறுகிறது என்கிறது. மூக்கு ஒன்றுதான், நடுவில் நிற்பது சாதி. மேலே இருப்பவர் மூக்கைப் பொத்தும்போது கொதிக்கும் நாம், கீழே இருப்பவரைப் பாட்டுக்கு வெளியே நிறுத்துவதை மரபு என்கிறோம். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான்.

கோடு அழியுமா? 2001இல் ராபர்ட் குர்ஸ்பன், ஜான் டூபி, லீடா காஸ்மிடஸ் ஆகியோர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த இரண்டு அணிகளைச் சட்டை நிறத்தால் வேறுபடுத்திக் காட்டியபோது, பார்த்தவர்கள் அவர்களை இனமாகப் பிரித்து நினைவில் வைப்பது குறைந்தது. அதற்குத் தேவைப்பட்டது நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரம். நூற்றாண்டுச் சாதி நான்கு நிமிடத்தில் போகாது, அதற்குப் பின்னால் நிலமும் நீரும் அதிகாரமும் இருக்கின்றன. ஆனால் யார் யாரோடு அணி சேர்கிறார் என்பது மாறினால் பார்வையும் மாறும் என்பதற்கு இது சான்று.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஏரி கெட்டால் பாட்டுக்காரருக்கும் பறிக்காரருக்கும் ஒருசேரப் பிழைப்புப் போகும். அந்தப் போராட்டப் பந்தலில் இருளர் பெண்களும் தலித் மீனவர்களும் கூட்டம் சேர்க்க அழைக்கப்படுபவர்களாக மட்டும் இருந்தால் போதாது. முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். ஏரியைக் காப்பாற்றிய பிறகு, பாட்டுக்குப் போடும் சீட்டில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.