சாவி கைமாறினால் வண்டி கைமாறிவிடுமா?

பாபநாசம் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் அரிசி ஆலையிலிருந்து மூட்டைகளை ஏற்றிக் கும்பகோணம், தஞ்சாவூர்க் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் செய்து வந்தவர். கடிதம் எழுதப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் ஓட்டிய டீசல் சரக்கு வேன் கொட்டகையில் நிற்கிறது. பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியை வாங்க ஒருவர் ரொக்கத்தோடு வந்திருக்கிறார். "அவர் உயிரோடிருந்தபோதே விற்றதாகத் தேதி போட்டுக்கொள்வோம் அம்மா. பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சாவியை மட்டும் கொடுங்கள்" என்கிறாராம். கொடுத்துவிடலாமா என்பது அத்தாயின் வினா.

காலம் தாழ்த்தலாகாது என்பதால் அவருக்குத் தனியே மறுமொழி அனுப்பிவிட்டோம். எனினும், லாரியும் வேனும் டிராக்டரும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் காவிரிப் பகுதியில் ஏராளம். ஆதலின், அவருக்கு எழுதியதையே இம்மாதம் எல்லாருக்குமாக இங்கே தருகிறோம்.

அன்புச் சகோதரி, சாவியைக் கொடுக்க வேண்டாம். வந்திருப்பவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டும் வழி தவறானது. இறந்தவர் இடாத கையொப்பத்தை இட்டதாகக் காட்டுவதும், நடவாத விற்பனையை நடந்ததாக எழுதுவதும் பொய்ச்சான்று. சட்டத்தின் முன் அது குற்றம். நேர்மையாகத் தொழில் செய்து மறைந்த ஒருவரின் பெயரால் இறுதியாக எழுதப்படும் தாள் பொய்த்தாளாக இருக்க வேண்டுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே வண்டியின் உரிமையாளர். பணம் கைமாறியதும் சாவி கைமாறியதும் பதிவேட்டுக்குத் தெரியா. 1993-இல் ஒருவர் தம் லாரியை விற்றார்; பதிவில் பெயர் மாற்றப்படவில்லை. மறு ஆண்டு அந்த லாரி விபத்துக்குள்ளாகி உயிரிழப்பு நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011-இல் முடிந்தபோது, பதிவேட்டில் பெயருள்ள பழைய உரிமையாளரையே சட்டம் உரிமையாளராகக் கொள்ளும் என்று தீர்ப்பாயிற்று. வண்டிக்கு அவர் பெயரில் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தமையால், இழப்பீடு இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பாயிற்று. 2018-இல் வந்த மற்றொரு தீர்ப்பில் அந்த நிழலும் இல்லை. 2007-இல் விற்கப்பட்டுப் பல கைகள் மாறிய வண்டி 2009-இல் விபத்துக்குள்ளானது. பதிவில் பெயர் இருந்த முதல் மனிதரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

நாமும் இதில் பிழை செய்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டி ஒன்றை விற்று, வாங்கியவரின் வாய்ச்சொல்லை நம்பி வாளாவிருந்தோம். நாம் கண்டிராத ஊர்களிலிருந்து அபராத ஓலைகள் நம் முகவரிக்கு வரத் தொடங்கிய பின்னரே விழித்தோம். நல்வேளையாக அபராதத்தோடு போயிற்று. ஓர் உயிர் போயிருந்தால் என் செய்திருப்போம்?

ஆகவே, முதற்படி வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது. உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு முப்பது நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றம் கோர வேண்டும். இறப்புச் சான்றும், வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் தேவைப்படும். பர்மிட் உள்ள வண்டியாயின் அதற்கும் இவ்வாறே முப்பது நாள், மூன்று மாதக் கெடு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே எழுதுங்கள். வழக்கமான பாலிசி, உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது அதன் காலம் முடியும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை மட்டுமே செல்லும்.

வண்டியின் மேல் கடன் இருந்தால், அதைத் தீர்த்து, கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட 35-ஆம் படிவத்தைக் கொண்டு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடமானக் குறிப்பை நீக்குங்கள். சாலை வரி, எப்.சி., நிலுவை அபராதம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். தாள்கள் சீராக உள்ள பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலை, தாள்கள் குழம்பிய புது வண்டிக்குக் கிடைப்பதில்லை.

இனி வண்டியைப் பற்றிச் சில சொற்கள். டாடா 407 போன்ற வண்டிகள் 1986 முதல் நம் பகுதியில் நெல்லும் அரிசியும் உரமும் சுமந்து வருகின்றன. உரமூட்டை சிந்திய யூரியாவும், வேதாரண்யம் உப்பும், மழையில் நனைந்த நெல்லும் தளத்தகட்டையும் சேசிஸையும் அரித்துவிடும். அத்துருவின் மேல் வண்ணம் பூசி மறைக்க வேண்டாம். 2018 நவம்பரில் வந்த கஜா புயலிலோ வேறெந்த வெள்ளத்திலோ வண்டி நீரில் நின்றிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடேற்றி வைக்காதீர்கள். காலையில், குளிர்ந்த எஞ்சினை அவர் கண்முன் ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை வந்தால் டீசல் முழுதும் எரியவில்லை என்று பொருள். அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருவரை முன்னரே அழைத்து, கிளட்ச், கியர்பாக்ஸ், பட்டை, டயர் அனைத்தையும் பார்க்கச் சொல்லி, குறைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அத்தாளை வாங்குபவரிடம் காட்டுங்கள். பிரேக்கில் குறை இருந்தால் சொன்னால் மட்டும் போதாது. பழுது பார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்கு விடுங்கள். அதை ஓட்டப் போகிறவனும் ஒரு வீட்டின் தந்தை.

விலையைத் தரகர் சொல்லி அறிய வேண்டியதில்லை. அதே ஆண்டு, அதே வகை வண்டி தஞ்சாவூரிலும் திருச்சியிலும் என்ன விலைக்குப் போகிறது என்று மூன்று நான்கு இடங்களில் விசாரித்து, டயருக்கும் பழுதுக்கும் உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசித் திங்களில் சரக்கு வண்டிக்குத் தேவை மிகும். அவசரமில்லாதவர் அதுவரை பொறுக்கலாம்.

பணத்தை வங்கி வழியே பெறுங்கள். ஒரே விற்பனையில் இரண்டு இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான தண்டம், பெற்றவர் மீதே விழக்கூடும்.

பணம் வந்து சேர்ந்த பின் 29, 30-ஆம் படிவங்களைப் பெயரும் தேதியும் நிரப்பியே கையொப்பமிடுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம். அது ஊர் ஊராக எவர் கையிலும் சுற்றும். விற்றவர் பதினான்கு நாள்களுக்குள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு முப்பது நாள் தவணை. வாங்குபவர் காரைக்காலைச் சேர்ந்தவராயின், அது புதுச்சேரி ஆட்சிப் பகுதியாதலால், 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றும் வேண்டும். பழைய வண்டி வியாபாரியிடம் விற்பதானால், அவர் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் இதற்கெனத் தனி விதிகள் உள்ளன. வண்டியை ஒப்படைத்த நாளையும் மணியையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேகை முடித்துவிடுங்கள். இன்றேல் அவர் கடக்கும் சுங்கச்சாவடிக்கெல்லாம் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

இயலுமாயின் வாங்குபவரோடு அலுவலகத்துக்கு நீங்களும், உங்கள் மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, செல்லுங்கள். புதிய பெயர் ஏறிய ஆர்.சி.யின் நகலைக் கண்ணால் கண்டு வாங்கி வைத்துக்கொள்ளும் நாளே நீங்கள் வண்டியை விற்ற நாள்.

இவ்வளவு அலைச்சல் வேண்டுமா என்று துக்க வீட்டில் தோன்றுவது இயல்பே. உங்கள் கணவர் ஒவ்வொரு கடையிலும் மூட்டையை எண்ணி இறக்கி, சீட்டில் கையொப்பம் பெற்ற பின்னரே வண்டியை எடுப்பார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அவர் வண்டியையும் அப்படியே இறக்கி வையுங்கள்.