பிள்ளைகள் கெட்டார்களா, பெரியவர்கள் கெடுத்தார்களா?

பெரியவர் துணையின்றி விண்கப்பலில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகளின் கதை ஜப்பானியச் சித்திரத் தொடர்களில் பலமுறை வந்திருக்கிறது. 'அனிமே' என்று உலகெங்கும் வழங்கும் இத்தொடர்களின் ரசிகர்கள் மற்ற கதைகளைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவதுண்டு. இந்தக் கதையை மட்டும் அவர்கள் விடுவதில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று இன்றும் வாதாடுகிறார்கள்.

வாதத்துக்கு முக்கிய காரணம், 1999 அக்டோபர் முதல் 2000 மார்ச் வரை 26 பகுதிகளாக ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த 'முகென் நோ ரிவாயஸ்' என்ற தொடர். சன்ரைஸ் நிறுவனம் தயாரித்தது. கோரோ தானிகுச்சி இயக்கியது. கதை நடப்பது கி.பி. 2225-ல். விண்வெளியில் மிதக்கும் பயிற்சி நிலையம் ஒன்று சதியால் நாசமாகிறது. மாணவர்களைக் காப்பாற்ற முயன்ற ஆசிரியர்கள் உயிர் துறக்கிறார்கள். நிலையத்துக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருந்த 'ரிவாயஸ்' என்ற கப்பலில் 487 பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள்.

அப்புறம் நடப்பவை மனத்துக்கு இதமானவை அல்ல. முதலில் பயிற்சியில் தேர்ந்த மாணவர்கள் நிர்வாகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு முரட்டுக் கூட்டம் அதைப் பறித்துக்கொள்கிறது. செய்த வேலைக்குப் புள்ளி, புள்ளிக்கு உணவு என்ற சட்டம் வருகிறது. திருட்டு, அடிதடி, பழிவாங்கல் எல்லாம் தொடர்கின்றன. முடிவில், நல்லவனென்று எல்லோரும் நம்பிய ஒருவனே ஒழுங்கை நிலைநாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஆயுதபலத்தால் ஆளத் தொடங்குகிறான்.

இரு கட்சியார்

இதைப் பார்த்த ஒரு சாரார், "இத்தொடரில் நேசிக்கத்தக்க பாத்திரம் ஒன்றுகூட இல்லை. கதாநாயகனோ எதற்கும் உதவாத பையன். இத்தனை பேரும் சேர்ந்து இப்படியா கெட்டுப் போவார்கள்?" என்று வெறுத்துவிடுகிறார்கள். மறு சாரார், "மனித சுபாவமே இதுதான். பெரியவர் கண் மறைந்தால் பிள்ளைகள் இப்படித்தான் ஆவார்கள். உண்மையைக் காட்டியதற்காகவே தொடரைப் பாராட்ட வேண்டும்" என்கிறார்கள்.

வெறுப்பவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது இன்னொரு தொடரை. கென்தா ஷினோஹரா 2016 முதல் 2017 வரை எழுதி வரைந்த சித்திரக் கதை, 2019-ல் 'அஸ்ட்ரா' தொடராக 12 பகுதிகளில் வந்தது. விண்வெளி முகாமுக்குப் போன எட்டு மாணவரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் 5,012 ஒளியாண்டு தொலைவில் வீசப்படுகிறார்கள். கைவிடப்பட்ட கப்பல் ஒன்றைக் கண்டெடுத்து, கிரகம் கிரகமாக இறங்கி உணவும் தண்ணீரும் தேடிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தங்களில் ஒருவர் துரோகி என்று தெரிந்த பிறகும் அவர்கள் சிதறிப் போவதில்லை. துரோகி வெளிப்பட்டபோது, அவனையும் உயிரோடு ஊருக்கு அழைத்துப் போகத் தலைவன் தன் ஒரு கையையே இழக்கிறான்.

"பிள்ளைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு கட்சி மகிழ்கிறது. "இது தேன் தடவிய கதை. இறங்கிய கிரகத்திலெல்லாம் உணவு கிடைத்தால் யார்தான் நல்லவனாக இருக்கமாட்டான்?" என்று மறு கட்சி நகைக்கிறது.

நகைப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இரு கட்சியாரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். பிள்ளைகளின் பிறவிக்குணம் நல்லதா கெட்டதா என்பதையே இருவரும் கேட்கிறார்கள். இந்தக் கதைகளோ பெரியவர்களைப் பற்றி வேறொரு கேள்வி கேட்கின்றன.

யார் துரத்துகிறார்கள்?

ரிவாயஸின் பிள்ளைகள் காட்டுமிராண்டிகளாகப் புறப்பட்டவர்கள் அல்ல. உதவி கேட்டுத்தான் முதலில் குரல் கொடுக்கிறார்கள். காக்க வேண்டிய பாதுகாப்புப் படையோ அவர்களைத் தாக்குகிறது. கப்பல் பயங்கரவாதிகள் கையில் இருப்பதாக உலகுக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கப்பல் ரகசிய ஆயுதம். அது பிள்ளைகளைவிட விலை உயர்ந்தது. பசியும் பயமும் ஒரு பக்கம் நெருக்க, தங்கள் அரசே துரத்துகிறது என்ற செய்தி மறுபக்கம் நெருக்குகிறது. அந்த நிலையில் அவர்கள் கண்டுபிடித்த புள்ளிச் சட்டமும் தண்டனை முறையும் புதியவையா? பள்ளியிலும் பயிற்சிச் சாலையிலும் பெரியவர்கள் கற்றுக்கொடுத்த தரவரிசைதான் அங்கே சோற்றுக்கும் அளவுகோலாயிற்று.

அஸ்ட்ராவிலும் குற்றவாளி தொலைவில் இல்லை. அந்தப் பிள்ளைகளை அண்டவெளியில் தள்ளியது முன்பின் தெரியாத எதிரியல்ல. சொந்த வீட்டுப் பெரியவர்களே தங்கள் ரகசியம் வெளிவராதிருக்க அவர்களை ஒழிக்கப் பார்த்தார்கள்.

இக்கதைகளுக்கு மூதாதையர் என்று சொல்லத்தக்க நாவல்களிலும் இதைக் காணலாம். 1888-ல் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'இரண்டாண்டு விடுமுறை' நாவலில், நியூஸிலாந்திலிருந்து கடலில் அடித்துச் செல்லப்பட்ட பதினைந்து சிறுவர்கள் தீவொன்றில் ஒழுங்காக வாழ்கிறார்கள். பதின்மூன்று பிள்ளைகள் விண்கப்பலில் தனித்துப் போகும் 'விஃபாம்' என்ற 1983-ம் ஆண்டுத் தொடர் இதன் வழி வந்தது. இதற்கு நேர்மாறாக, வில்லியம் கோல்டிங் 1954-ல் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' நாவலில் சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். அவர்களை மீட்க வரும் அதிகாரி எதில் வருகிறார்? போர்க்கப்பலில். அவர்கள் அஞ்சிய 'மிருகமோ' ஆகாயப் போரில் இறந்து விழுந்த வீரனின் உடல். சிறுவர்களின் கொலைவெறிக்கு வெளியே பெரியவர்களின் யுத்தம் நடந்துகொண்டே இருந்தது.

நிஜமாக நடந்தது

கற்பனை போகட்டும். 1965 ஜூன் மாதம், பசிபிக் கடலில் உள்ள டோங்கா நாட்டின் பள்ளி மாணவர் அறுவர், மீனவர் ஒருவரின் படகைக் கேளாமல் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். புயலில் சிக்கி, பாயும் சுக்கானும் இழந்து, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் கரை சேர்ந்தார்கள். அங்கே பதினைந்து மாதம் வாழ்ந்தார்கள். இருவர் இருவராக முறை வைத்துச் சமையலும் தோட்ட வேலையும் காவலும் பார்த்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் சம்பந்தப்பட்டவர்கள் தனித்தனியே விலகிப்போய், கோபம் தணிந்த பின் வந்து சமாதானமானார்கள். ஒருவன் கால் முறிந்தபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டிக் குணமாக்கினார்கள். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் அவர்களைக் கண்டு மீட்டார்.

ஆனால் அந்தத் தீவு ஆளில்லாமல் போனது எப்படி? 1863-ல் அடிமை வியாபாரிகள் வந்து மக்களில் பலரைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். எஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவுக்கு மாற்றிவிட்டார். கொள்ளை போனவர்கள் விட்டுச் சென்ற வாழையும் கிழங்கும் கோழியும் பெருகி நின்றுதான் நூறாண்டுக்குப் பின் இந்த அறுவரைக் காப்பாற்றின. ஊர் திரும்பிய சிறுவர்களைப் படகு திருடிய குற்றத்துக்காகச் சிறையில் வைத்தார்கள். வார்னர் பணம் கட்டி அவர்களை விடுவித்தார்.

இந்த ஒரு சம்பவத்தால் பிள்ளைகளெல்லாரும் தெய்வங்கள் என்று நிரூபணமாகிவிடாது. இவர்கள் ஆறு பேர். ஒருவரையொருவர் நன்றாக அறிந்த தோழர்கள். ரிவாயஸில் இருந்தவர்களோ 487 பேர். ஒன்பது பேருக்குள் பசித்தவன் முகம் தெரியும். ஐந்நூறு பேருக்கு நடுவே அவன் வெறும் புள்ளிக்கணக்கு. மேலும், டோங்கா சிறுவர்களைத் துப்பாக்கியுடன் யாரும் துரத்தவில்லை. இந்த வேறுபாடுகளை விட்டுவிட்டுப் பிறவிக்குணத்தை மட்டும் பேசுவது அரைகுறை நியாயம்.

"அப்படியானால் தவறு செய்த பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பவர் உண்டு. பொறுப்பு உண்டு. ரிவாயஸ் தொடரே யாரையும் சும்மா விடவில்லை. எதற்கும் உதவாதவன் என்று ரசிகர்கள் ஒதுக்கிய அந்தப் பையன்தான் முடிவில் ஆயுதமின்றி எழுந்து, ஆயுதம் வைத்திருக்கும் நண்பன் முன்னால் நிற்கிறான். பாதியிலேயே தொடரை மூடிவிட்டவர்கள் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. அவனுக்குப் புள்ளி குறைத்து ஒதுக்கியவர்கள், அந்தக் கப்பல் செய்ததையே தாமும் செய்கிறார்கள்.

ரசிகர்கள் வாதாடுவது நல்லதே. ஆனால் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று வாதத்தைத் தொடங்குகிறவர்கள், அந்தக் கப்பலைக் கட்டி ஒளித்து வைத்தது யார், உதவிக் குரலுக்குக் குண்டால் பதில் சொன்னது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு பிள்ளைகளைத் தண்டிக்கலாம், மன்னிக்கலாம். கேட்காமல் தீர்ப்பளிப்பது மட்டும் நியாயமாகாது.