எவருக்குத் தேவையற்றவை?

வீட்டுக் கணினி விரைந்து இயங்க வேண்டுமாயின் அதனுள் மறைவாக ஓடும் ‘தேவையற்ற’ பின்னணிச் சேவைகளை நிறுத்திவிட வேண்டும் என்னும் அறிவுரை நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கணினிக் கடைக்காரர் கூறுகிறார். அண்டை வீட்டு இளைஞர் கூறுகிறார். ஆசிரியர் அறையிலும் இப்பேச்சு எழுகிறது. யாரோ எழுதிய பட்டியல் ஒன்று கைமாறி வருகிறது. அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி முடக்கிவிட்டு, அரும்பணி ஒன்றை ஆற்றியவர்போல் நிமிர்ந்து அமர்கிறோம். இவ்வழக்கம் தவறானது, தமிழ் எழுதும் வீடுகளுக்குக் கேடு பயப்பதும் ஆகும் என்பதே என் துணிபு.

பின்னணிச் சேவை என்பது யாது? திரையில் முகம் காட்டாமல் தன் பணியைச் செய்துகொண்டிருக்கும் நிரலே அது. அச்சிட வேண்டிய தாள்களை வரிசைப்படுத்துவது ஒன்று. இணையத்தோடு இணைப்பது ஒன்று. பாதுகாப்புத் திருத்தங்களைக் கொணர்வது மற்றொன்று. விண்டோஸ் இயங்கும் கணினி ஒன்றில் இத்தகையவை நூற்றுக்கு மேலும் உள்ளன. அவற்றுள் பல, ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. ஒன்றை உருவினால் மற்றொன்று சரியும்.

முடக்குக என்போரின் வாதத்தில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்தோடும் இயங்க வேண்டியிருந்தது. அத்தகைய சிறு வீட்டில் ஒவ்வொரு விருந்தாளியும் சுமையே. மேலும் அக்கணினியில் ‘மெசஞ்சர்’ என்றொரு சேவை இருந்தது. அலுவலகங்களில் அறிவிப்பு அனுப்புவதற்கென அமைந்த அதனை வீடுகளில் விளம்பரக்காரர்களே பயன்படுத்திக்கொண்டனர். இறுதியில் 2004ஆம் ஆண்டின் இரண்டாம் சேவைத் தொகுப்பில் மைக்ரோசாப்ட் நிறுவனமே அதனை முடக்கி வைத்தது.

ஆயின் அக்காலம் கடந்துவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு நினைவகம் 4 ஜிகாபைட். எக்ஸ்பி கேட்டதைப்போல் 64 மடங்கு. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலே, தேவை எழும்போது மட்டும் கண்விழித்துப் பணி முடிந்தபின் உறங்கும் சேவைகள் புகுத்தப்பட்டுவிட்டன. உறங்குகின்றவனை வீட்டைவிட்டு விரட்டுவதால் சோறு மிஞ்சப்போவதில்லை. இன்றைய வீட்டுக் கணினி தவழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: சுழலும் பழைய வன்தட்டு, போதாத நினைவகம், கணினி எழும்போதே கூட்டமாக எழுகின்ற விளையாட்டு, அரட்டைச் செயலிகள். நோய் ஒரு பக்கம் இருக்க மருந்து வேறொரு பக்கம் பூசப்படுகிறது.

பட்டியல் எழுதுவோர் சிலர் புதுப்பிப்புச் சேவையையும் அதில் சேர்த்துவிடுகின்றனர். இதன் விலையை உலகம் கொடுத்தது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் நாடு நாடாகப் பரவிற்று. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவும் தடுமாறின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சு மாதமே வெளிவந்திருந்தது. இரண்டு மாதம் திறந்து கிடந்த கதவு வழியே திருடன் நுழைந்தான். வேகத்தைப் பெறுவதற்காகக் காவற்காரனை நீக்கியவன் எதனை மிச்சப்படுத்தினான்?

‘அங்ஙனமாயின் எதனையுமே நிறுத்தலாகாதா?’ எனக் கேட்கலாம். நிறுத்தலாம். 2021 சூலையில் அச்சு வரிசைச் சேவையில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டபோது, திருத்தம் வரும்வரை அதனை முடக்கி வைப்பது ஒரு வழி என மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்தது. அச்சுப்பொறி இல்லாத வீட்டினர் அதனைத் தயங்காமல் நிறுத்தியிருக்கலாம். அங்கே சேவையின் பணி தெரிந்தது, காரணம் தெரிந்தது, விளைவும் தெரிந்தது. தெரிந்து செய்வதற்கும் பட்டியல் பார்த்துச் செய்வதற்கும் உள்ள தொலைவு இதுதான். தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் மரபில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, தமிழர் சிந்திக்க வேண்டிய செய்திக்கு வருவோம். ‘தேவையற்றவை’ என்று அப்பட்டியல்கள் சொல்கின்றனவே, எவருக்குத் தேவையற்றவை? அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலம் ஒன்றையே தட்டச்சு செய்வோர் எழுதியவை. ‘சிடிஎஃப்மான்’ என்னும் சிறு நிரலை எடுத்துக்கொள்க. வேற்றுமொழி விசைப்பலகைகளுக்கு மாற உதவும் அந்நிரலை, நீக்கத்தக்கதென அக்காலக் குறிப்புகள் பல எழுதின. ஆங்கிலம் மட்டும் அறிந்தவனுக்கு அது வெறுஞ்சுமை. நமக்கோ அது தமிழுக்குத் திறக்கும் கதவு. விண்டோஸ் 10இல் தொடுவிசைப்பலகை, கையெழுத்து ஆகியவற்றின் பெயரைத் தாங்கிய சேவை ஒன்று உண்டு. ‘என் கணினியில் தொடுதிரை இல்லையே’ என்று அதனை முடக்கியவர்கள், தேடற்பெட்டியில் ஓர் எழுத்தும் விழாமல் திகைத்தனர். பெயரைப் பார்த்துத் தீர்ப்பு வழங்கியதன் பயன் அது.

எக்ஸ்பி காலத்தை நினைவிற் கொள்க. சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவு அதில் இருந்தும், ஆங்கிலப் பதிப்பில் நாமே தேடிச் சென்று அதனைச் சேர்த்தாலன்றித் தமிழ் வெறுங்கட்டங்களாகத் தோன்றிற்று. ஆக்கியவர் கணக்கில் தமிழே கூடுதல் சரக்காக இருந்தது. இந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் நம் நாட்டினரும் உளர். முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் அதற்குச் சான்று. பிறர் விட்டுவிட்டதை முயன்று பெற்ற நாம், பெற்றதை நம் கையாலேயே முடக்குவதா?

இது சிறு செய்தி என்று எண்ணற்க. 2020 ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரம் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டது; நாடெங்கும் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்நாளில் வீட்டிலிருந்த பழங்கணினியே வகுப்பறை ஆயிற்று. அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்திய ஒரே கணினியில் தமிழ் விசைப்பலகை எழாதொழிந்தால் பிள்ளை என்ன செய்யும்? சேவைகளின் பட்டியலைத் திறந்து ஆராயாது. உரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பிவிட்டு ஓடிவிடும். நாளடைவில் அதுவே பழக்கமாகும். ஓரிரு நொடி வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலை அதுவாகலாம்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! கணினி தளர்ந்தால் முதலில், தொடக்கத்திலேயே எழும் செயலிகளைப் பாருங்கள். தமிழ் உள்ளீட்டு மென்பொருளை விட்டுவைத்து, அறிந்த மற்றவற்றைக் குறையுங்கள். இயன்றால் வன்தட்டை மாற்றுங்கள். சேவை ஒன்றைத் தொட்டே ஆக வேண்டுமெனின், அதன் விளக்கத்தைப் படியுங்கள். அதனைச் சார்ந்தவை எவை எனக் காணுங்கள். பழைய நிலையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முற்றாக முடக்காமல், தேவைப்படும்போது எழும்படி விடுங்கள். ஒரு நாளில் ஒன்றுக்குமேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள். அவ்வரி விழவில்லையாயின், நீங்கள் நிறுத்தியது தேவையற்ற சேவை அன்று.