கையில் காசுள்ளவருக்கே முழுப் பென்ஷனா?

பிரிட்டனில் 1946ல் அட்லி சர்க்கார் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தது. உழைக்கும்போது சந்தா, முதுமையில் பென்ஷன் என்ற ஏற்பாடு 1948 ஜூலை 5ல் அமுலுக்கு வந்தது. உழைக்கும் மக்களுக்கு இது பெரும் பலன் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்று? 2016 ஏப்ரல் முதல் அமுலாகும் புதிய விதிப்படி, முழுப் பென்ஷனுக்குப் பொதுவாக 35 வருஷப் பதிவு வேண்டும். 10 வருஷத்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. விடுபட்ட வருஷங்களுக்குச் சொந்தப் பணம் கட்டி ஈடு செய்யலாம் என்கிறது சட்டம். அதுவும் பொதுவாகக் கடந்த 6 வருஷங்களுக்கே. 2025-26ல் ஒரு வருஷத்துக்கு 923 பவுண்டு. அதனால் பென்ஷன் வாரத்துக்குச் சுமார் 6.58 பவுண்டு கூடும். மூன்று வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

லாபமான பேரந்தான். யாருக்கு? 923 பவுண்டு கையிலிருப்பவருக்கு!

இரண்டு இடங்களில் துப்புரவு வேலை செய்து, வாரம் 120, 120 பவுண்டு கூலி பெறும் பெண்ணின் கதி என்ன? 2025-26ல் வரம்பு 125 பவுண்டு. தனித்தனி முதலாளிகளிடம் வாங்கும் கூலியைக் கூட்டிப் பார்க்கமாட்டார்கள். 240 பவுண்டுக்கு உழைத்தும் அந்தக் கூலியால் ஒரு வருஷமும் பதிவாகாது!

சிறு குழந்தையை வளர்ப்போருக்கும் நோயாளியைப் பராமரிப்போருக்கும் பணமின்றியே வரவு வைக்க விதி உண்டு. சந்தா கட்டுமுன் அதைக் கேட்டுப் பெறவேண்டும். இரண்டு கூலியையும் கூட்டிக் கணக்கில் சேர்ப்பதே நியாயம். உழைத்த வருஷத்தை உழைத்தவரே விலை கொடுத்து வாங்குவதா?