கையில் தங்கமா, கடையில் சரக்கா?

வணிகப் பெருமக்களே! கள்ளக்குறிச்சித் திருமண வீடுகளில் நம்மவர் சிலர் கையில் தங்க ரோலக்ஸ் சப்மரைனரைப் பார்க்கிறோம். கடலில் மூழ்குவோருக்காக 1953-ல் வந்த கடிகாரம் அது. இன்று 300 மீட்டர் ஆழம் தாங்குகிறது. கல்வராயன் மலையில் மேகம் அருவியில் குளிக்க அது எதற்கு? தங்கமும் 18 காரட்தான். பல லாரி மக்காச்சோளம் வாங்கும் முதல் மணிக்கட்டில் முடங்குகிறது.

அதே சாயலில் வரும் போலியும் வேண்டாம். போலிச் சரக்கை எதிர்க்கும் நாமே அதை அணியலாமா? 1984-ல் டாடாவும் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நம் ஓசூரில் இருக்கிறது. 100 மீட்டர் தாங்கும் எஃகுக் கடிகாரம் சில ஆயிரத்தில் முடியும். மிச்சப் பணம் சரக்காகட்டும். சந்தையில் நம் மதிப்பை உயர்த்துவது, சொன்ன நாளில் பணம் கட்டும் நாணயமே!